தோட்டப்பாளையம் வீடு குழு: 2024 நவம்பர் 5, செவ்வாய்

பாபு, காலை 7:10
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் முதல் வருடத் திதி வரும் ஞாயிறு, 10ஆம் தேதி. பேனர் வாசகத்தை இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும். அப்புறம் அப்பாவின் கேசட் பதிவுக் கடைச் சாவியை 15ஆம் தேதி ஒப்படைக்கிறோம். உள்ளே 6 பெட்டி கேசட் இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஆரணி அத்தை, 7:14
அண்ணன் போனது ஆயுத பூஜை அன்று. அது போன மாதமே முடிந்துவிட்டதே?

பாபு, 7:16
இந்த வருடம் ஆயுத பூஜை புரட்டாசியிலேயே வந்துவிட்டது அத்தை. அப்பா போனது ஐப்பசியில். ஐப்பசி வளர்பிறை நவமி 10ஆம் தேதிதான்.

ஆரணி அத்தை, 7:17
சரி. எதற்கும் எங்கள் ஊர் ஐயரையும் ஒரு வார்த்தை கேட்கிறேன்.

காட்பாடி சித்தப்பா, 7:31
குவின்சி ஜோன்ஸ் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லாஸ் ஏஞ்சல்ஸில், 91 வயது. அண்ணன் இருந்திருந்தால் நேற்று முழுக்கக் கடையில் அவர் இசைதான் ஓடியிருக்கும்.

குடியாத்தம் மாமா, 7:33
ஆழ்ந்த இரங்கல்.

ஆரணி அத்தை, 7:33
யார் தம்பி? நமக்குச் சொந்தமா?

கவிதா, 7:35
மைக்கேல் ஜாக்சனுடைய ப்ரொடியூசர் அத்தை.

ஆரணி அத்தை, 7:36
காசு போட்டவரா?

காட்பாடி சித்தப்பா, 7:52
இல்லை அக்கா. நம் சினிமாவில்தான் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். இசைத்தட்டுக்கு ப்ரொடியூசர் என்பவர் வேறு. எந்தப் பாட்டு வேண்டும், யார் வாசிப்பது, எத்தனை முறை பாடவைப்பது, கடைசி மிக்ஸில் எது முன்னால் வருவது என்று முடிவு செய்கிறவர். நம் பக்கம் அந்த வேலையில் பெரும்பகுதியை இசையமைப்பாளரே பார்த்துக்கொள்கிறார். 1982இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் ஆல்பத்தை எடுத்துக்கொள். அந்தத் தலைப்புப் பாட்டை எழுதியது ராட் டெம்பர்டன் என்ற இங்கிலாந்துக்காரர். இன்னொரு பாட்டுக்கு கிதார் வாசித்தது எடி வான் ஹேலன், முழு ராக் ஆள். ரெக்கார்டிங் இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன். இவர்களையெல்லாம் ஒரே அறைக்குள் சேர்த்தவர் குவின்சி. அண்ணன் கேசட்டை என் கையில் கொடுத்து, முன்பக்கம் இருக்கிற முகத்தை அப்புறம் பார், பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படி என்பார். அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருடம்.

பாபு, 7:54
சித்தப்பா, பேனர் வாசகம்.

காட்பாடி சித்தப்பா, 7:55
அதற்குத்தான் வருகிறேன்.

குடியாத்தம் மாமா, 7:58
ஞாயிறு சாப்பாட்டுக்கு இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் 5 கிலோ சொல்லிவிடட்டுமா? நல்ல வரத்து.

ஆரணி அத்தை, 7:59
திதிக்குக் கத்திரிக்காயா?

குடியாத்தம் மாமா, 8:00
எங்கள் வீட்டில் போடுவோம்.

ஆரணி அத்தை, 8:00
இது எங்கள் வீட்டுத் திதி.

கவிதா, 8:04
அத்தை, ப்ளீஸ்.

காட்பாடி சித்தப்பா, 8:21
திரில்லரை முதலில் முடித்துக் கேட்டபோது சப்பென்று இருந்ததாம். தட்டின் ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறி நிமிடங்களைத் திணித்திருந்தார்கள். நேரம் கூடினால் தட்டின் கோடுகள் நெருங்கும், பேஸ் என்கிற அடிக்கனமான ஒலி இளைத்துவிடும். வெளியிடும் நாள் தலைக்கு மேல் நிற்கிறது. இருந்தும் பாட்டுகளின் நீளத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாக மறுபடி மிக்ஸ் செய்தார்கள். பில்லி ஜீன் பாட்டின் தொடக்கம் மிக நீளம், வெட்டு என்று குவின்சி சொல்ல, அதைக் கேட்டால்தான் எனக்கு ஆட வருகிறது என்று ஜாக்சன் மறுக்க, இவர் விட்டுக்கொடுத்தார். அந்தத் தொடக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. அண்ணனும் 60 நிமிட கேசட்டில் பாதிப் பாட்டோடு பக்கத்தை முடிக்க ஒருநாளும் ஒப்பவில்லை. வாடிக்கையாளர் எழுதிவந்த பட்டியலில் ஒரு பாட்டை அடித்துவிட்டு, அதற்கு உண்டான காசையும் திருப்பிக் கொடுப்பார்.

பாபு, 8:24
இது எனக்குத் தெரியாது.

காட்பாடி சித்தப்பா, 8:25
நீ அப்போது எல்கேஜி.

கவிதா, 8:27
கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம் அண்ணா. அப்பா கைப்பட எழுதிய லேபிள். டிஜிட்டலுக்கு மாற்றலாம்.

காட்பாடி சித்தப்பா, 8:30
மாற்ற கேசட் ஓட்டுகிற டெக் வேண்டும். அகாய் டெக் 1992இல் குடியாத்தத்துக்குக் காதுகுத்துக்குப் போனது.

குடியாத்தம் மாமா, 8:32
பெல்ட் போய்விட்டது என்று அப்போதே சொன்னேன் மச்சான். பரணில் பத்திரமாக இருக்கிறது. திருப்பித் தரமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

ஆரணி அத்தை, 8:33
32 வருடமாகப் பத்திரம்.

கவிதா, 8:35
பெல்ட் ரிச்சி தெருவில் கிடைக்கும் மாமா. டெக்கைக் கொண்டு வாருங்கள், போதும்.

காட்பாடி சித்தப்பா, 8:49
1985 ஜனவரி 28 ராத்திரி. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக அமெரிக்காவின் பெரிய பாடகர்கள் 40 பேருக்கு மேல் ஒரே ஸ்டுடியோவில். அவ்வளவு பேரும் தனித்தனி ராஜாக்கள். குவின்சி வாசலில் ஒரு தாள் ஒட்டினார், அகந்தையை வெளியே விட்டு உள்ளே வாருங்கள் என்று. மறுநாள் காலையில் பாட்டு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலிலும் அந்தத் தாளை ஒட்ட வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். நானும் படித்துவிட்டுத்தான் நுழைவேன். டெக் பேச்சை எடுத்தது தப்பு மச்சான்.

குடியாத்தம் மாமா, 8:52
பரவாயில்லை. சனிக்கிழமை கொண்டு வருகிறேன்.

காட்பாடி சித்தப்பா, 9:05
இன்னொன்று. 1974இல் அவருக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. பிழைக்க மாட்டார் என்று நண்பர்கள் நினைவுக் கூட்டத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். பிழைத்தார், டாக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குத் தானே போனார். இனி டிரம்பெட் ஊதக் கூடாது என்றார்கள். சிறு வயதிலிருந்து ஊதியவர், பாரிஸ் போய் நாடியா புலாஞ்சேயிடம் இசை படித்தவர். அதைக் கீழே வைத்துவிட்டார். ஜாக்சனின் ஆஃப் தி வால், திரில்லர், பேட் மூன்று ஆல்பமும் அதற்கு அப்புறம். 28 கிராமி இசை விருது.

ஆரணி அத்தை, 9:07
திதி நேரத்தில் இதெல்லாம் எதற்கு தம்பி.

அம்மா, 9:20
அவர் சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் அண்ணன் இந்தக் கதையை என்னிடம் சொன்னார். நானும் பிழைத்து வந்து என் கூட்டத்தில் உட்காருவேன் என்றார். எனக்கு அந்த ஆளின் பெயர் மட்டும் மறந்துவிட்டது. இன்றுதான் தெரிகிறது.

கவிதா, 9:21
அம்மா

பாபு, 9:40
சித்தப்பா, வாசகம் நீங்களே சொல்லுங்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரிதான் இடம்.

காட்பாடி சித்தப்பா, 10:02
"வேலூருக்கு 31 வருடம் பாட்டுப் பதிந்து கொடுத்தவர். பொடி எழுத்துப் பெயர்களையும் படிக்கச் சொன்னவர்."

குடியாத்தம் மாமா, 10:05
"கண்ணீர் அஞ்சலி" வர வேண்டாமா?

ஆரணி அத்தை, 10:06
பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் எங்கே போடுவது?

பாபு, 10:09
பார்க்கிறேன். பெட்டிகளை எங்கே வைப்பது? என் வீட்டில் ஓர் அறைதான் காலி.

அம்மா, 10:15
இங்கேயே கொண்டு வா. மஞ்சள் லேபிள் ஒட்டிய பெட்டியை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம்.

கவிதா, 10:16
அதில் என்ன அம்மா?

பாபு, 10:30
6 பெட்டிக்கு டாடா ஏஸ் வேண்டும். யாருக்காவது தெரிந்தவர் இருக்கிறாரா?

குடியாத்தம் மாமா, 10:34
சனிக்கிழமை பார்க்கலாம்.

ஆரணி அத்தை, 11:10
எங்கள் ஐயரும் 10ஆம் தேதி என்றுதான் சொல்கிறார். கத்திரிக்காய் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.