கையில் எடுத்துத் திரும்ப வைத்த பொருள்கள்

பதிவு 1

போன வருடம் வீடு மாறினோம். மூட்டை கட்டும்போதுதான் எங்கள் வீட்டில் எத்தனை கத்தரிக்கோல் இருக்கிறது என்று தெரிந்தது. ஏழு. அதில் இரண்டு அட்டையிலிருந்து பிரிக்கவே படவில்லை. இன்ச் டேப் நான்கு. போன் சார்ஜர் வயர் பதினொன்று, அதில் மூன்று எந்தப் போனோடு வந்தது என்றே தெரியவில்லை. ஒரே அளவு ஸ்க்ரூடிரைவர் ஐந்து. பேட்டரி, செலோடேப், கோந்து இதையெல்லாம் நான் எண்ணவே இல்லை.

நானும் வீட்டுக்காரரும் ஊதாரிகள் இல்லை. பெரிய செலவு என்றால் ஒரு வாரம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்போம். ஆனால் கத்தரிக்கோல் தேடிக் கிடைக்காவிட்டால் அதற்கெல்லாம் பேசவா போகிறோம்? வெளியே போகிறவர் வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அடுத்த மாதம் அதுவும் காணாமல் போகும். இப்படியே ஏழு சேர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி பெட்டிகளுக்கு நடுவில் அந்த ஏழு கத்தரிக்கோலையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது மனசு கனத்துப் போனது. ஆசைப்பட்டு வாங்கி அனுபவித்திருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷம். இது இரண்டுமே இல்லாமல், தேடச் சோம்பல்பட்டு விட்ட காசு.

புது வீட்டில் இரண்டு காரியம் செய்தோம். கதவுக்குப் பின்னால் மூன்று ஆணி அடித்தோம். கத்தரிக்கோல், டேப், டார்ச் மூன்றுக்கும் அதுதான் இடம், எடுத்தவர் அங்கேயே மாட்ட வேண்டும். அப்புறம் ஒரு சின்ன நோட்டு. எது வாங்க நினைத்தாலும் தேதி போட்டு அதில் எழுத வேண்டும், எழுதி ஒரு வாரம் ஆன பிறகுதான் வாங்கலாம். மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சாமானுக்கும் மட்டும் விலக்கு. ஒரு வருடத்தில் 41 பொருள் எழுதியிருக்கிறோம். வாங்கியது 9. மீதி 32இல் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. சிலவற்றை ஒரு வாரம் கழித்துப் படித்தபோது எதற்காக எழுதினோம் என்றே இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

உங்களுக்குக் காசு எந்த இடத்தில் நழுவுகிறது? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வட்டிக் கணக்கும் முதலீட்டு யோசனையும் இங்கே வேண்டாம். உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பதிவு 2

அக்கா, எனக்கு நழுவியது ராத்திரி இரண்டு மணிக்கு.

குழந்தை பிறந்த முதல் நான்கு மாதம் அது. பால் குடித்துவிட்டு மடியிலேயே தூங்கிவிடுவான், இறக்கினால் விழித்துக்கொள்வான். ஒரு கை அவன் தலைக்குக் கீழே இருக்கும், மற்றொரு கையில் போன். நகரவும் முடியாது, தூங்கவும் முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அத்தனையும் வாங்கினேன். பால் பாட்டில் சூடாக்கும் கருவி, கழுத்துத் தலையணை, மழைச் சத்தம் போட்டுத் தூங்க வைக்கும் பொம்மை. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் இது வந்துவிட்டால் நாளையிலிருந்து என் கஷ்டம் தீர்ந்துவிடும் என்றே தோன்றும். பெட்டி வந்த பிறகு, பிரித்துப் பார்த்தால்தான் என்ன ஆர்டர் போட்டேன் என்பதே தெரியும்.

எல்லாம் கட்டைவிரலால் ஒரே தட்டு. கார்டு எண், முகவரி எல்லாம் முன்பே போனில் இருந்தது. இப்படி ஒரே தட்டில் வாங்க வைக்கும் முறைக்கு அமேசான் 1999இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டது, அது 2017 வரை அமலில் இருந்தது என்று பிற்பாடு படித்தேன். வாங்குகிறவர் யோசிக்கும் அரை நிமிடத்தை எடுத்துவிடுவது அவர்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், அந்த அரை நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

போனிலிருந்த கார்டு எண்ணை அழித்தேன். கார்டைப் பக்கத்து அறை பீரோவில் வைத்துவிட்டேன். வாங்க வேண்டுமானால் பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து போக வேண்டும். தூங்குகிற பிள்ளையை எந்த அம்மா இறக்குவாள்? பார்த்ததையெல்லாம் கூடையில் போட்டு வைத்துவிட்டு, காலையில் குளித்து முடித்துத் திறந்து பார்ப்பேன். ஏழெட்டு இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒன்றுகூட வேண்டும் என்று தோன்றாது. ஆறு வாரத்தில் ஒரே ஒரு தடவைதான் பீரோ வரை போனேன், தெர்மாமீட்டர் வாங்க. அதற்காக இன்றுவரை வருத்தம் இல்லை.

இதையெல்லாம் என் அக்காவிடம் சொன்னபோது அவள், "ராத்திரி முழிச்சிருந்தா எனக்கு மெசேஜ் போடு" என்றாள். அவள் வேறு நாட்டில் இருக்கிறாள். எனக்கு நடுராத்திரி என்றால் அவளுக்குப் பகல். அதற்குப் பிறகு கூடையில் போடுவதும் குறைந்துவிட்டது.

பதிவு 3

நான் கடைக்குப் போனால் தள்ளுவண்டி எடுப்பதில்லை, கைக்கூடைதான். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மன் என்பவர், கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்தார். மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசனை வந்து, சக்கரம் வைத்த சட்டத்தில் மேலே ஒரு கூடையும் கீழே ஒரு கூடையும் வைத்து 1937இல் கடையில் விட்டார். முதலில் யாரும் அதைத் தொடவில்லை. ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, வாங்க வந்தவர்களைப் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

அதைப் படித்த நாளிலிருந்து என் கை வலிதான் என் கணக்குப்பிள்ளை. கூடை கனத்துவிட்டதா, நேராக பில் போடும் இடத்துக்குப் போய்விடுவேன்.

கூடவே, முடிந்த இடத்தில் ரொக்கமாகக் கொடுக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் 2001இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்தாட்டச் சீட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டபோது, கிரெடிட் கார்டில் கட்டச் சொன்ன குழு, ரொக்கமாகக் கட்டச் சொன்ன குழுவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டதாம். எனக்கு அது அப்படியே பொருந்துகிறது. பர்ஸில் நோட்டு குறைவது கண்ணில் படும்போது கை தானாக நின்றுவிடும்.

பதிவு 4

எல்லோரும் நல்ல விஷயம் சொல்கிறீர்கள். நான் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார், எதையும் லேசில் வாங்கவும் மாட்டார். அந்தப் பழக்கத்தால்தான் எங்களைப் படிக்க வைத்தார், அதில் எனக்கு மாறாத மரியாதை உண்டு. ஆனால் வீட்டில் இருந்த மர ஏணியில் மூன்றாவது படி விரிசல் விட்டிருந்தது. கயிறு சுற்றி வைத்திருந்தார். "ஏணி என்ன தினமுமா ஏறப் போறோம்" என்பார். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பல்பு மாற்ற அப்பா ஏறிய அன்று படி இரண்டாகப் பிளந்து, கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. அந்தச் செலவில் எத்தனை ஏணி வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குப் போடவில்லை, அவர் முன்னால் போடவும் மனசு வராது.

ஏணி, பிரேக், டயர், வீட்டு வயரிங், மூக்குக் கண்ணாடி, செருப்பு. இவையெல்லாம் தள்ளிப்போடும் பட்டியலில் வரவே கூடாது என்பது என் கருத்து. நோட்டு எழுதும் அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: மருந்துக்கு விலக்கு வைத்தது போல, உடம்புக்கு ஆபத்து வரக்கூடிய எல்லாவற்றுக்கும் விலக்கு வையுங்கள்.

பதிவு 5

ஒரு சோபா மாற்றினேன். சோபா மட்டும்தான் மாற்றினேன் என்று நினைத்தேன்.

அது வந்து உட்கார்ந்த அன்றே திரைச்சீலை வெளுத்துத் தெரிந்தது. திரைச்சீலை மாற்றியதும் தரை விரிப்பு பழசாகத் தெரிந்தது. அப்புறம் டீப்பாய், மூலையில் ஒரு நின்ற விளக்கு, கடைசியில் சுவருக்குப் பெயின்ட். எட்டு மாதத்தில் சோபாவுக்குக் கொடுத்ததைப் போல மூன்று பங்கு போய்விட்டது. சோபா வரும்வரை இவற்றில் எதுவும் என் கண்ணை உறுத்தியதே இல்லை.

பிரான்ஸில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டெனி டிடரோ என்ற சிந்தனையாளருக்கும் இதுதான் நடந்திருக்கிறது. அழகான சிவப்பு அங்கி ஒன்று அவருக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அறையில் இருந்த பழைய சாமான் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, மேஜையும் மாறியது. பழைய அங்கிக்கு எஜமானாக இருந்த நான் புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று மனம் நொந்து எழுதினார். கிரான்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் 1988இல் இந்தச் சங்கிலிக்கு டிடரோவின் பெயரையே வைத்தார்.

இப்போது நான் ஒன்றே ஒன்று செய்கிறேன். பெரிய பொருள் எதையும் வாங்கும் முன், அது வந்தால் பக்கத்தில் எதெல்லாம் பழசாகத் தெரியும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கிறேன். போன மாதம் டைனிங் டேபிள் பார்க்கப் போய், எழுதி முடித்து, டேபிள் வேண்டாம் என்று வந்துவிட்டோம். இருந்த டேபிளையே உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில்தான் போனது. தேய்க்கத் தேய்க்க உள்ளே இருந்த மர ரேகை வெளியே வந்தபோது என் மகள் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதிவு 6

சுருக்கமாக: "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று முகத்துக்குப் போடும் க்ரீம் மூன்று வாங்கினேன். டப்பாவின் பின்பக்கத்தில் திறந்த ஜாடி போல ஒரு படம், அதற்குள் 12 எம் என்று போட்டிருக்கும் பாருங்கள், திறந்த பிறகு 12 மாதம் என்று அர்த்தம். எனக்கு ஒரு டப்பா தீரவே ஒன்பது மாதம் ஆகும். மூன்றாவதைத் திறக்கும்போது அதன் கடைசித் தேதியே தாண்டிவிட்டது, தூக்கித்தான் போட்டேன். இப்போது சலுகையைப் பார்க்கும் முன் நான் அதை எத்தனை மாதத்தில் தீர்ப்பேன் என்றுதான் பார்க்கிறேன்.

பதிவு 7

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, பழைய மாடல், புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்றார். நானும் அன்று மாலையே புது மெஷின் பார்க்கத் தயாராகிவிட்டேன். மாமியார்தான், "அதோட வந்த புத்தகத்தை ஒரு தடவை படிச்சுப் பாரேன்" என்றார்.

முன்பக்கம் கதவு உள்ள மெஷின் அது. கீழ் மூலையில் உள்ளங்கை அளவு ஒரு மூடி இருப்பதை ஆறு வருடமாக நான் கவனித்ததே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தரையில் பழைய துணி விரித்து, ஒரு தாழ்ந்த தட்டை வைத்து, உள்ளே இருந்த திருகு மூடியை மெதுவாகத் திருகினேன். கலங்கிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முழுதாகக் கழற்றியதும் பஞ்சு போல அழுக்கு, ஒரு நாணயம், இரண்டு ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ் ஒன்று. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், பம்பின் சின்ன விசிறியில் ஒரு நூல் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துக் கழுவி மாட்டி ஓட்டினேன். தண்ணீர் சரசரவென்று போன சத்தத்தைக் கேட்டு மாமியார் கை தட்டினார்.

ஒரு காசும் செலவில்லை. மெஷின் இன்னும் ஓடுகிறது. அந்த ஆளை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டாவது ஆளைக் கேட்காமல், புத்தகத்தையும் புரட்டாமல், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளத்தை அன்று கொடுத்திருப்பேன் என்பதுதான் எனக்கு இன்னும் பதறுகிறது.

2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் ரிப்பேர் கஃபே என்று ஒன்றைத் தொடங்கினார். பழுதான சாமானைத் தூக்கிக்கொண்டு போனால், வேலை தெரிந்த தன்னார்வலர்கள் நம் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்ய உதவுவார்கள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டாலும், நம் குடியிருப்பில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த ஒரு பெரியவராவது இருப்பார். அவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பதிவு 8

இழையைத் தொடங்கியவள்தான் மறுபடி வருகிறேன். ஒவ்வொன்றையும் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன்.

ஏணி பற்றி எழுதிய தம்பிக்கு: அப்பாவின் கை இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோம். அதை எழுதும்போதுதான் வீட்டுக்காரர், ஸ்கூட்டரின் பின் டயர் வழவழவென்று ஆகிவிட்டது, மூன்று வாரமாக நோட்டில் எழுதாமலே தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்றார். இன்று காலையில் மாற்றிவிட்டோம்.

ராத்திரி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தங்கச்சிக்கு: எனக்கும் அந்த மாதங்கள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்கு மெசேஜ் போடுவதை விட்டுவிடாதே.

வாஷிங் மெஷின் எழுதியவரிடம் ஒரு சந்தேகம். எங்களுடையது மேலிருந்து துணி போடும் மெஷின். இதுவும் நான்கு நாளாகத் தண்ணீரை மெதுவாகத்தான் விடுகிறது. கீழே மூடி எதுவும் காணவில்லை, உள்ளே பஞ்சு சேரும் வலைப்பை மட்டும் இருக்கிறது. அதைக் கழுவிவிட்டேன். வெளியே போகும் குழாயையும் கழற்றிப் பார்க்கலாமா? நோட்டில் 42ஆவதாகப் "புது மெஷின்" என்று எழுதி வைத்திருக்கிறோம், வாரம் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது.