மறு: "பிளாக்கிங் டெம்பரேச்சர்" – தடையா, முடக்கமா?

> இரும்பு–பிளாட்டினம் நானோதுகள் கட்டுரையில் "தடை வெப்பநிலை" என்று போட்டிருக்கிறேன். போதாதா?

வணக்கம் ஐயா. "தடை" என்றதும் படிப்பவர் மனம் மின்தடைக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே எது எதைத் தடுக்கிறது என்பதே அந்தச் சொல்லில் விளங்கவில்லை. 4 நானோமீட்டர் துகள் முழுவதும் ஒற்றைக் காந்தம். வெப்பத்தால் அதன் காந்தத்திசை ஓர் அச்சில் இப்படியும் அப்படியும் புரள்கிறது. புரள்வதற்குக் கடக்க வேண்டிய ஆற்றல் அரண், திசைசார் மாறிலியையும் (காந்தத்திசை அந்த அச்சோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதன் அளவு) துகளின் கன அளவையும் பெருக்கினால் வருவது. குளிர்விக்கக் குளிர்விக்கப் புரளல் மந்தமாகி, நாம் அளந்து முடிப்பதற்குள் ஒருமுறைகூடப் புரளாத நிலை வருகிறது. துகள் முடங்கிவிடுகிறது. எனவே "முடங்கு வெப்பநிலை" என்பேன். யாரும் முடக்கவில்லை, தானே முடங்குகிறது. ஆகவே "முடக்கு" வேண்டாம்.

> அப்படியானால் உருகுநிலை, கொதிநிலை போல "முடங்குநிலை" என்று சுருக்கலாமே? "உறைநிலை"யும் யோசித்தேன்.

உறைநிலை நீருக்குப் போய்விட்டது. சுழற்சிக் கண்ணாடிகளுக்கும் ("ஸ்பின் கிளாஸ்": அணுக்காந்தங்கள் ஒழுங்கின்றி உறைந்துபோகும் பொருள்கள்) "உறைதல்" தேவைப்படும். அதை அங்கே விட்டுவைப்போம்.

"முடங்குநிலை" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உருகுநிலை பொருளின் குணம். இது அளவிடும் நேரத்தையும் பொறுத்தது. காந்தமானியில் ஓர் அளவுக்கு 100 நொடி என்று கொண்டால், அரண் வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 25 மடங்கு இருக்கும் இடத்தில் துகள் முடங்கும். 1000 ஹெர்ட்ஸ் மாறுபுலத்தில் (திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம்) அளவு நேரம் மிகக் குறைவு என்பதால் 12 மடங்கே போதும். ஆக, காந்தமானியில் 20 கெல்வினில் முடங்கும் துகள் மாறுபுலத்தில் 40 கெல்வினை ஒட்டியே முடங்கிவிடும். காமா கதிரால் அளக்கும் மோஸ்பவர் முறையில் இன்னும் மேலே. ஒரே துகளுக்கு மூன்று எண்! கட்டுரையில் எண்ணைக் கொடுத்தால் எந்தக் கருவி என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இதே காரணத்தால் இதை "நிலைமாற்றம்" என்று எங்கும் எழுதவேண்டாம். அது, பொருள் தன் ஃபெர்ரோ காந்தத்தன்மையையே இழக்கும் கியூரி வெப்பநிலைக்கு உரியது.

கட்டுரையில் இன்னொன்றும் இடறுகிறது. புலமின்றிக் குளிர்வித்து, 50 ஓர்ஸ்டெட் காந்தப்புலத்தில் சூடேற்றி வரைந்த காந்தமாக்க வளைகோட்டின் உச்சியையே முடங்கு வெப்பநிலை என்கிறீர்கள். துகள்களின் அளவு பரவலாக இருந்தால் உச்சி பெரிய துகள்களின் பக்கம் சாயும், சராசரி அதற்குக் கீழே கிடக்கும். துகள்கள் நெருங்கியிருந்தாலும் உச்சி மேலேறும். பாரஃபின் மெழுகில் நீர்த்துப் பரப்பி அளந்தால் அது குறையும். பொடி புலத்தோடு திரும்பிக்கொள்வதும் நிற்கும். காந்தமானியின் மீக்கடத்திக் காந்தத்தில் சிக்கிய மிச்சப்புலத்தை முதலில் போக்காவிட்டால் "புலமின்றி" என்பது பெயரளவில்தான்.

600 டிகிரி செல்சியஸில் பதப்படுத்திய மாதிரி முடங்கியதற்கு அணு ஒழுங்கை (இரும்பும் பிளாட்டினமும் அடுக்கடுக்காக அமைந்து திசைசார் மாறிலி உயர்வதை) மட்டும் காரணம் காட்டுவதும் துணிச்சல். மேற்பூச்சான கரிமப்பொருள் கருகித் துகள்கள் ஒட்டிக்கொண்டால் கன அளவே கூடிவிடும். மின்னணு நுண்ணோக்கிப் படம் அவசியம். சமையலுப்போடு சேர்த்து அரைத்து 700 டிகிரியில் சூடாக்கி, பிறகு நீரில் உப்பைக் கரைத்தெடுக்கும் முறையில் ஒட்டல் வெகுவாகக் குறையும்; உப்பு உருக 801 ஆகவேண்டும்.

> சரி, "முடங்கு வெப்பநிலை"யே. மென்படலப் பகுதியிலும் அதே ஆங்கிலச் சொல் வருகிறதே?

அங்கே வேறு பொருள். எதிர்க்காந்தப் படலமும் ("ஆன்டிஃபெர்ரோ": அண்டை அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) ஃபெர்ரோ காந்தப் படலமும் ஒட்டியிருக்கையில், ஃபெர்ரோவின் காந்த வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய கோடு) ஒருபக்கம் நகர்ந்திருக்கும். அந்த நகர்வு மறையும் வெப்பநிலைக்கும் அதே பெயர். அங்கும் எதிர்க்காந்தக் குறுமணிகள் வெப்பத்தால் புரளத் தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம் என்பதால் நம் சொல் பொருந்தும். "எதிர்க்காந்தப் படலத்தின் முடங்கு வெப்பநிலை" என்று உரியதைச் சேர்த்து எழுதுங்கள்.