டின்னில் புரிகிற பின்னம் நோட்டில் புரியவில்லை

யாங்கோனில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது. இரண்டு மாதமாகப் பின்னக் கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறாள். 1/4-ஐவிட 1/8 பெரியதாம். "நாலைவிட எட்டு பெரியதுதானே?" என்கிறாள்.

கையில் கொடுத்தால் தவறுவதே இல்லை. ஒரு தோசையை நான்காகவும் இன்னொன்றை எட்டாகவும் வெட்டி வைத்தேன். பெரிய துண்டை எடுக்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அரிசி அளக்க விட்டேன். இங்கே அரிசியைப் பால் டின்னால் அளப்போம்; 8 டின் சேர்ந்தது ஒரு பியி என்ற பர்மிய அளவு. அரைப் பியிக்கு நான்கு, கால் பியிக்கு இரண்டு என்று டின்னின் தலையை விரலால் வழித்துக் கொட்டுகிறாள். ஒரு டின் என்றால் அரைக்கால் பியி என்று என் அம்மா சொன்னதையும் பிடித்துக்கொண்டாள். எடையில் ஒரு வீசை 100 கியாத்தா (இங்குள்ள சிறிய எடை அளவு), கால் வீசை வெங்காயம் 25 கியாத்தா என்பதெல்லாம் கடைத்தெருவிலேயே பழகியது.

நோட்டில் எண்ணாக எழுதினால் மட்டும் பழைய பதில். வட்டம் வரைந்து வண்ணம் தீட்டினோம், கைபேசி விளையாட்டும் பார்த்தாயிற்று. டியூஷன் ஆசிரியர் மனப்பாடம் செய்யச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. போதாக்குறைக்கு, இப்போது டின்னை எடுத்தாலே "இதுவும் கணக்கா அம்மா?" என்று எழுந்து போய்விடுகிறாள்.

அவள் கையால் அளக்கிற காலையும் அரைக்காலையும் நோட்டில் எழுதும் 1/4, 1/8 உடன் இணைக்க, பாடம் என்று தெரியாத வகையில் உங்கள் வீட்டில் கைகொடுத்த விளையாட்டு எது?