காந்தம் திரும்பிய மாத்திரைப் பெட்டி

வயதானவர்கள் மாத்திரையை நேரத்துக்கு எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது, பலரும் போனில் ஓடும் ஆப் பற்றியே சொல்கிறார்கள். நான் மாத்திரைப் பெட்டியைப் பற்றியே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்தது. மூடியைத் திறந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். திறக்காவிட்டால் வீட்டில் ஒருவருக்குக் குறுஞ்செய்தி போகும்.

முதலில் மாத்திரையைத் தானே எடுத்துத் தரும் சுழல் தட்டுதான் போட்டோம். 28 குழி, ஒரு சின்ன மோட்டார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெரிந்த ஆயா (பாட்டி) ஒருவர் வீட்டில் வைத்தோம். டர்பன் கடலோர ஈரம் சும்மா விடுமா? மூன்றாம் வாரமே கேப்சூல் ஓடு இளகிக் குழியோடு ஒட்டிக்கொண்டது. "தம்பி, சத்தம் வருது, மாத்திரை வரல்லியே" என்றார் ஆயா. அதைவிடப் பெரிய தப்பை மருந்துக்கடைக்காரர் காட்டினார். ஆயாவின் வலிப்பு மாத்திரை சோடியம் வால்ப்ரோயேட். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சாப்பிடும் நேரம்வரை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது. நாங்களோ ஒரு வாரத்துக்கு மொத்தமாகப் பிரித்துக் கொட்டி வைத்திருந்தோம். அன்றே மோட்டாரைக் கழற்றினேன். அட்டையோடு வைக்கும் சாதாரணப் பெட்டி, மூடியில் காந்தம், உள்ளே அந்தக் காந்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று உணரும் ஹால் சென்சார். அதுதான் நிலைத்தது.

அடுத்தது நேரம். 2023, லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நாட்டையே ஆட்டிய வருடம். செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் சிக்னல் போய்விடும். எங்கள் முதல் மென்பொருள், சர்வருக்குச் செய்தி வந்து சேர்ந்த நேரத்தையே மாத்திரை எடுத்த நேரமாக எழுதியது. ஒருநாள் காலை ஏழு மணிக்கே ஆயா மாத்திரை போட்டுவிட்டார். சிக்னல் இல்லை. எட்டு மணிக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கு 'எடுக்கவில்லை' என்று செய்தி போயிற்று. டவர் திரும்பும்வரை விடாமல் போன் போட்ட மகள், லைன் கிடைத்ததும் கேட்க, ஆயாவுக்கே சந்தேகம் வந்து, தண்ணீர் டம்ளரோடு இரண்டாவது மாத்திரையை எடுக்கப் போயிருக்கிறார். அட்டையில் காலியான குழிகளை எண்ணிப் பார்த்த பேத்திதான் தடுத்தாள். கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

அதன்பின் ஒவ்வொரு திறப்பும் பெட்டிக்குள்ளேயே பதிவாகும்படி செய்தோம். பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றை உள்ளே வைத்தோம். செய்தி எப்போது போனாலும் நேரம் மாறாது. வாசகங்களையும் திருத்தினோம். மூடி திறந்தது மட்டுமே பெட்டிக்குத் தெரியும், விழுங்கியது தெரியாது. அதனால் 'எடுத்தார்' என்பது 'திறந்தார்' ஆனது. தொடர்பு அறுந்திருந்தால் 'பெட்டியிலிருந்து தகவல் இல்லை' என்று மட்டும் போகும்.

தயாரிப்புக்குப் போனபோது இன்னொன்று. மேசையில் செய்த பத்துப் பெட்டியிலும் காந்தத்தை நானே சென்சாரிடம் காட்டிப் பார்த்துத்தான் ஒட்டினேன். தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் ஐம்பதில் கிட்டத்தட்டப் பாதி, மூடியிருந்தும் 'திறந்திருக்கிறது' என்றன. இரண்டு நாள் மென்பொருளில் தேடினோம். கடைசியில் ஒரு காந்தத்தைப் பெயர்த்துத் திருப்பி வைத்தேன், சரியாகிவிட்டது. அந்தச் சென்சார் தென்துருவத்தை மட்டும் உணரும் வகை. காந்தமோ வட்டவில்லை, இரு பக்கமும் ஒரே மாதிரி. ஒட்டிய பிள்ளைகள் மேல் என்ன தப்பு? எந்தப் பக்கம் மேலே என்று வரைபடத்தில் நான் எழுதவே இல்லை. எந்தத் துருவமானாலும் உணரும் சென்சாருக்கு மாறினோம். போர்டில் வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

ஐஎஸ்ஓ 13485 (மருத்துவக் கருவித் தயாரிப்புக்கான தர முறை), சாப்ரா (மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) உரிமம், சிம் இருப்பதால் ஐகாசா (தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் ஆகியவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். மருத்துவக் கருவியின் ஆபத்துகளைக் கையாளச் சொல்லும் ஐஎஸ்ஓ 14971-க்காக நாங்கள் எழுதிய ஆபத்துப் பட்டியலில் முதல் வரி, ஆயாவின் அந்த இரண்டாவது மாத்திரைதான்.

இன்னும் தீராதது, மாத்திரை நேரத்தை ஒலித்து நினைவூட்டும் பஸர். அதன் கீச்சொலி ஆயாவுக்குக் கேட்பதேயில்லை. வயதானால் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகின்றன. தாழ்ந்த சுருதியில் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர் வைத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.