ரத்தசோகைக்கும் வெள்ளைக்காரன் ஆட்சிக்கும் என்ன சம்பந்தம்?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் நர்சிங் படிக்கிறேன். கம்யூனிட்டி போஸ்டிங்கில் எங்கள் குழுவுக்குக் கிள்ளையைத் தாண்டி ஒரு இருளர் குடியிருப்பு கிடைத்தது. வீடு வீடாகப் போய் எடை, உயரம், ஹீமோகுளோபின் பார்த்தோம். பெண்களில் நிறைய பேருக்கு ரத்தசோகை. ஒரு அம்மாவுக்கு 7-க்குக் கீழே இருந்தது. எப்படி நிற்கிறார் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவர் மறுநாள் விடியும் முன்பே இறால் பிடிக்கத் தண்ணீரில் இறங்கிவிட்டார். இன்னொரு வீட்டில் ஒரு தாத்தா டிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். கேட்டால் கரும்பு வெட்டப் போய்விட்டாராம்.

இப்போது இதை வைத்து செமினார் எடுக்க வேண்டும். "பழங்குடியினர் உடல்நலக் குறைவுக்கான காரணங்கள்" என்பது தலைப்பு. நோட்ஸில் இருப்பது இவ்வளவுதான்: அறியாமை, மூடநம்பிக்கை, சுத்தமின்மை, குடிப்பழக்கம். ஆனால் கனடா, ஆஸ்திரேலியா பற்றிய கட்டுரைகளைப் படித்தால், காலனி ஆட்சியையே ஒரு காரணமாக, அதுவும் முதல் காரணமாகப் போடுகிறார்கள். மேடத்திடம் சொன்னேன். "அது அந்த நாட்டுக் கதை. இங்கே வெள்ளைக்காரன் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிலபஸைப் பேசு" என்றார்.

அங்கே அப்படிச் சொல்ல என்ன ஆதாரம்? நம் பக்கத்து இருளர்களுக்கும் அது பொருந்துமா, இல்லை நான்தான் இழுத்துப் பிடிக்கிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எச்.ஐ. (கடலூர் ஓ.டி.):

பாப்பா, நான் ஹெல்த் இன்ஸ்பெக்டராக (எச்.ஐ.) சர்வீஸ் முழுக்க பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே சுற்றியவன். மலேரியா ஸ்லைடு எடுப்பதில் ஆரம்பித்து டெங்கு வரை பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டில் "அறியாமை" என்று எழுதுவது எங்களுக்கு ரொம்ப வசதி. எழுதிவிட்டால் மேலே இருப்பவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். உன் நோட்ஸில் அந்த வார்த்தை முதலில் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆதாரம் கேட்டாய். தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் அரிசோனா பக்கம் கீலா என்று ஒரு ஆறு. அதன் கரையில் பீமா மக்கள் பரம்பரையாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். 1850-களில் அந்த வழியாகப் போன பயணிகளுக்கும் ராணுவத்துக்கும் கோதுமை விற்கும் அளவுக்கு விளைச்சல். பிற்பாடு மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றைத் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பீமாக்களின் வயல் காய்ந்து பஞ்சம் வந்துவிட்டது. கொள்ளிடம் கடைமடைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்புறம் அரசாங்கம் கொடுத்த ரேஷன் என்ன தெரியுமா? வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை. இன்று உலகத்திலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாக இருக்கும் மக்களில் அவர்களும் அடக்கம்.

இது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று வெகுகாலம் சொன்னார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ மலைகளில் அவர்களுடைய சொந்தங்களே இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் உழுகிறார்கள், நடக்கிறார்கள், மக்காச்சோள ரொட்டியும் பயறும் சாப்பிடுகிறார்கள். 2006-ல் வெளியான ஆய்வு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டது. அமெரிக்கப் பக்கம் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், மெக்சிகோ பக்கம் 6.9 சதவீதம். இதில் எங்கே இருக்கிறது அறியாமை? ஆற்றில் அவர்களுக்குள்ள பங்கை ஒத்துக்கொண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது 2004-ல்.

ஆஸ்திரேலியாவிலும் மாவு, சர்க்கரை, டீத்தூள்தான் ரேஷன். 1982-ல் டெர்பி என்ற ஊர்ப்பக்கம் சர்க்கரை நோய் இருந்த பத்து ஆதிவாசிகள், தங்கள் பழைய நிலத்துக்கே போய் ஏழு வாரம் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் சாப்பிட்டார்கள். கெரின் ஓடீ என்ற ஆய்வாளர் கூடவே இருந்து அளந்தார். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது, ரத்தச் சர்க்கரையும் நன்றாக இறங்கியது. செமினாரில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்.

கனடா கதை வயிற்றெரிச்சல். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். 1907-ல் பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவ அதிகாரி, ஒரு வகையில் எங்கள் டிபார்ட்மென்ட் ஆள், அந்தப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். விவரம் கிடைத்த பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செத்துப்போயிருந்தது, பெரும்பாலும் டிபியில். காற்று வராத அறை, நோயுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே இடத்தில். அறிக்கையைக் கிடப்பில் போட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு 1922-ல் அவரே புத்தகமாகப் போட்டார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1948 முதல் 1952 வரை ஆறு பள்ளிகளில் அரைப்பட்டினிப் பிள்ளைகளை வைத்துச் சத்துணவு ஆராய்ச்சி நடத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு பள்ளியில் பால் போதவில்லை என்று தெரிந்தும் இரண்டு வருஷம் அப்படியே விட்டார்கள். பல் வைத்தியத்தையும் நிறுத்தினார்கள், ஈறு எப்படிக் கெடுகிறது என்று பார்க்க.

இனி நம் ஊர். 1882-ல் மதராஸ் வனச் சட்டம். அதுவரை கிழங்கு, தேன், விறகு என்று போய்வந்த காடு ஒரே நாளில் சர்க்கார் சொத்து. நீ போன கிள்ளைப் பக்கத்தையே எடுத்துக்கொள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து, மொட்டையாக வெட்டினார்கள், 1970-கள் வரை. வெட்டிய இடத்தில் மண் உட்கார்ந்துவிடும். கடல் தண்ணீர் தேங்கிச் சுண்டி உப்பாகிவிடும். அப்புறம் மரம் வராது, இறாலும் நண்டும் குறையும். பிற்பாடு மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித்தான் திரும்ப வளர்த்தார்கள்.

அடுத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே 1871, மதராஸ் மாகாணத்துக்கு 1911. ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி. கைரேகை, ராத்திரி ஆஜர், ஊரை விட்டுப் போக சீட்டு. நம் தென்னாற்காட்டிலேயே அஸீஸ் நகரில் அப்படிப்பட்ட ஆட்களை அடைத்துவைத்த குடியேற்றம் இருந்தது. மதராஸில் 1947-ல் சட்டத்தை எடுத்தார்கள். காகிதத்திலிருந்து எடுத்தார்கள், போலீஸ்காரர் புத்தியிலிருந்து இல்லை.

டவுன்ஷிப்வாசி:

எச்.ஐ. ஐயா, எல்லாப் பழியும் வெள்ளைக்காரன் மேலா? அம்மைத் தடுப்பூசி யார் கொண்டுவந்தது? இன்று கடலூர்க்காரர்கள் பாதிப்பேர் ஓடுகிற ஜிப்மரின் வேரே 1823-ல் பிரெஞ்சுக்காரன் தொடங்கிய வைத்தியப் பள்ளிதானே. இருளர்களை அரிசி மில்லிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாக வைத்திருந்தது லண்டன்காரன் இல்லை, நம் ஊர் முதலாளி. கனடாவை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டினால் நம் ஆட்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

வங்கக்கடல்:

காலனி ஆட்சி நேரடியாகக் கொன்றதற்கு உதாரணம் வேண்டுமென்றால் கனடா வரை போக வேண்டாம், அந்தமானின் போர்ட் பிளேர் போதும். 1858-ல் கைதிகள் குடியேற்றம் வந்தது. மேகநோய் (சிபிலிஸ்) பரவியது, 1877-ல் தட்டம்மை வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-ல் 19 பேர். என் சித்தப்பா குடும்பம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் வாழ்கிற நம் ஆட்களுக்கே இது தெரியாது.

பறிக்காரன்:

கெடிலக்கரை அக்கா, நீங்கள் போனது எங்கள் ஊராகவோ பக்கத்து ஊராகவோ இருக்கும். நானும் இருளர்தான். சிதம்பரத்தில் டிகிரி முடித்துவிட்டு இப்போது வேலை தேடுகிறேன்.

டவுன்ஷிப் அண்ணன் சொல்வதில் பாதி சரி. எங்கள் தாத்தா முன்பணம் வாங்கி அரிசி மில்லில் மாட்டியவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது, மில்லுக்குள் வரவில்லை. பாம்பு பிடித்துத் தோல் விற்றதை நிறுத்தியதும் 1972 வனவிலங்குச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த தடையும்தான். அது நம் அரசாங்கம் போட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை, மாற்று என்ன என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சொசைட்டி வந்து விஷம் எடுக்கும் வேலை கிடைத்தது, ஆனால் அது செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு. கோரிமேடு ஜிப்மரில் கண்ணாடி விரியன் கடிக்கு ஊசி போடுகிறார்களே, அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவது எங்கள் ஆட்கள். 2023-ல் இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மூடநம்பிக்கை என்று எழுதுகிற நோட்ஸில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

ஆனால் மீதிப் பாதியை அண்ணன் விட்டுவிட்டார். எங்கள் ஆயா காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடையில் இறங்கி ஒளிந்துகொள்ளும். போலியோ சொட்டு போட வந்தவர்களைப் பார்த்தும் அப்படியே. ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் ஜீப் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். பையும் நோட்டும் வைத்துக்கொண்டு பேர் கேட்கிற யாராக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அந்தப் பயம் முந்தாநாள் வந்ததில்லை.

அக்கா, ஒரு விஷயம் கேட்கிறேன். ஹீமோகுளோபின் 7 இருந்த அம்மா அன்றைக்குப் பிடித்த இறாலை யார் சாப்பிட்டது என்று கேட்டீர்களா? ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவிப் பிடிப்பார்கள். பெரிய இறால், பச்சை நண்டு எல்லாம் கரையிலேயே வியாபாரிக்கு. முன்கடனுக்குப் பாதி கழிந்துவிடும். வீட்டுக்கு வருவது ரேஷன் அரிசிக் கஞ்சியும் பொடி மீனும். ஆயா காலத்தில் வயல் எலி, எலி வளை நெல், கிழங்கு, ஈசல், ஆமை எல்லாம் இருந்தது. இன்று வயலில் மருந்து அடிக்கிறார்கள், வரப்பில் நின்றாலே விரட்டுகிறார்கள். எலி சாப்பிடுவதைச் சொன்னால் காலேஜில் சிரிப்பார்கள், அதனால் என் தங்கச்சி சாப்பிட மாட்டேன் என்கிறாள். அவளுக்கும் ரத்தசோகைதான்.

பாகூர் ஏரிக்கரை:

புதுச்சேரி பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் பாகூர் கொம்யூனுக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் நடுவில் சில இடங்களில் ஒரு வயல்தான். அந்தப் பக்கத்து இருளர் பழங்குடி. இந்தப் பக்கத்து இருளர், அதே குடும்பத்துப் பெண்ணைக் கட்டியவர், 2016 டிசம்பர் வரை பழங்குடி இல்லை.

1950-ல் இந்தியா பழங்குடிப் பட்டியல் போட்டபோது இங்கே பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பரில் கை மாறியது. பட்டியல் சாதிகளுக்கு 1964-லேயே ஆணை வந்துவிட்டது. பழங்குடிக்கு 2016 வரை பட்டியலே இல்லை. அதனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பழங்குடி எத்தனை பேர் என்று பார்த்தால் பூஜ்யம். எலி பிடிக்கிறவர் கண்ணெதிரே நடந்து போகிறார், கணக்கில் ஆளே இல்லை. பூஜ்யம் பேருக்கு எத்தனை பேருக்கு ரத்தசோகை, எத்தனை குழந்தை இறந்தது என்று எந்த ஆய்வு சொல்லும்? எந்த நிதி வரும்?

இதைப் பிரெஞ்சுக்காரன் தலையில் முழுசாகக் கட்ட மாட்டேன். முதல் நான்கு வருஷம் அவன் கணக்கு, அடுத்த 62 வருஷம் நம் கணக்கு. அந்த மேடத்திடம் இதைத்தான் சொல்வேன்: வெள்ளைக்காரன் போய்விட்டான், ஃபைல் போகவில்லை. மதராஸ் வனச் சட்டம் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் 1882 என்ற பெயரில் அமலில் இருக்கிறது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பறிக்காரன் தம்பி, இறாலை யார் சாப்பிட்டது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஃபார்மில் "அசைவம் சாப்பிடுவாரா: ஆம்/இல்லை" என்று இருந்தது, ஆம் போட்டோம். செமினாரில் பீமா ஆறு, டெர்பி, கிள்ளை இறால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். பாகூர்க் கணக்கும் வரும். "அறியாமை" வரியை மேடம் கேட்டால் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

பழைய எச்.ஐ. (கடலூர் ஓ.டி.):

டவுன்ஷிப்வாசிக்கு: மில் முதலாளியை நானும் விடச் சொல்லவில்லை. காட்டை மூடினால் அந்த ஆள் வேறு எங்கே போய் நிற்பான்? மில் வாசலில்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பாப்பா, செமினார் இருக்கட்டும். 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிற கேஸ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) டாக்டரிடம் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணு. கர்ப்பமா என்பதையும் கேட்டுக்கொள். டிபி தாத்தாவுக்கு, எந்த ஊருக்குக் கரும்பு வெட்டப் போகிறாரோ அந்த ஊர் மையத்துக்கே அவர் பதிவை மாற்றி மாத்திரை வாங்க வழி இருக்கிறது. டிபி யூனிட்டில் கேள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றிருக்கும், அதனால் நிறுத்தியிருப்பார். சளியை மறுபடி பரிசோதிக்காமல் பழைய மாத்திரையைக் கையில் கொடுத்துவிடாதே.

பறிக்காரன்:

அக்கா, திரும்ப வந்தால் காலையில் வராதீர்கள், எல்லோரும் தண்ணீரில் இருப்போம். சாயங்காலம் வியாபாரி வண்டி போன பிறகு வாருங்கள். வெள்ளைக் கோட் வேண்டாம். முன்னாடியே இங்கே எழுதுங்கள், நான் வந்து ரோட்டில் நிற்கிறேன்.