புதுப்பிப்பு: பழைய பெட்ரோல் லாரியின் மிஸ்ஸிங்குக்குக் காரணம் கிடைத்தது

என்னுடைய பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) சீராக ஓடினாலும், சாலையில் நிதான வேகத்துக்கு வந்ததும் மிஸ்ஸிங் அடிக்கிறது (எரிபொருள் சரியாகப் பற்றாமல் எஞ்சின் தடுமாறுகிறது) என்றும், தீப்பொறி தரும் பாகங்களான காயில், கண்டென்சர், பிளக் எல்லாம் மாற்றியும் பயனில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன்.

கார்புரேட்டரின் உறிஞ்சு விசையால் (வேக்கம்) தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் வேக்கம் அட்வான்ஸ் அமைப்பின் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் சொன்னார்; அப்படிச் செய்ததும் மிஸ்ஸிங் முற்றிலும் நின்றது. அந்த அமைப்பில் வேக்கத்தால் இழுபடும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கும் என்று எண்ணினேன், ஆனால் அது நன்றாகவே இருந்தது. பிறகு சாவியைப் போட்டு, பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மூடிய நிலையில், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துத் தரும் பாகம்) வரும் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 0.1 வோல்ட் காட்டியது. அதே நிலையில் குழாயை வாயால் உறிஞ்சி, பாயிண்ட் பொருத்தியிருக்கும் தட்டை நகர்த்தியதும் அது 2 வோல்ட்டைத் தாண்டியது. 0.2 வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது; போனால் பாயிண்ட் வழியாக எர்த்துக்குச் செல்லும் பாதையில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் சிறிய எர்த் வயரின் மேலுறை பழுதில்லாமல் இருந்தாலும், உள்ளே பெரும்பாலான இழைகள் அறுந்திருந்தன. ஐடிலில் என் வண்டியின் கார்புரேட்டர் வேக்கம் தராததால் தட்டு அசையவில்லை. அதனால்தான் கோளாறு அங்கே வெளிப்படவில்லை.

தட்டு ஓயாமல் அசைவதால், மெல்லிய இழைகள் நிறைந்த, நன்கு வளையும் வயரையே போட்டேன். பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து, இடைவெளி மாறினால் டைமிங்கும் (தீப்பொறி வரும் நேரம்) மாறும் என்பதால் அதை இறுதியில் சரிபார்த்தேன். இப்போது சுமையோடு மேடு ஏறும்போதும் மிஸ்ஸிங் இல்லை. கழற்றிய பழைய காயிலில் குறை ஏதும் இல்லாததால், அதை உபரியாக வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.