இசியு போய்விட்டது என்கிறார்கள், ஆனால் வண்டி ஓடுகிறது

வேளச்சேரிவாசி:
2017 டீசல் கார். போன மாத மழையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டி வந்தேன், உள்ளே கார்ப்பெட் நனைந்தது. அதிலிருந்து பள்ளத்தில் இறங்கி ஏறினால் என்ஜின், ஏபிஎஸ் (பிரேக்), ஸ்டீயரிங் விளக்குகள் மூன்றும் சேர்ந்து எரிகின்றன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது, வண்டி நிற்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் "இசியு போச்சு, 48,000 ஆகும்" என்கிறார்கள். இசியு, அதாவது வண்டியை இயக்கும் கம்ப்யூட்டர், ஒரே பெட்டியா?

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன்:
பணம் கட்டிவிடாதீர்கள் சார். 22 வருடமாகக் கார் ஒயரிங் வேலைதான் எனக்கு. எந்த நொடியில் எந்த இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்று சொல்வதே என்ஜின் இசியுதான். அது செத்திருந்தால் வண்டி ஓடாது.

ஒரே பெட்டி கிடையாது. என்ஜின், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று தனித்தனிப் பெட்டிகள், மாட்யூல் என்பார்கள். மீட்டரும் ஒரு மாட்யூல்தான். முறுக்கிய இரண்டே ஒயரில் இவை பேசிக்கொள்கின்றன. கேன் என்பார்கள், பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. பெரும்பாலான வண்டிகளில் சக்கர வேகத்தை ஏபிஎஸ் மாட்யூல் அளந்து அந்த ஒயரில் போடும். மீட்டர் அதை எடுத்துத்தான் முள்ளை நகர்த்தும். ஸ்டீயரிங் எவ்வளவு இலேசாக இருக்க வேண்டும் என்பதும் அதே வேகத்தை வைத்துத்தான். நடுவில் ஒயர் விட்டால் எல்லோரும் ஒன்றாக விளக்கைப் போடுவார்கள்.

ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு விட்டுவிட்டு வருகிறது, அதனால் ஒயர்க்கட்டை ஆட்டிக்கொண்டே பாருங்கள். புது வண்டிகள் சிலவற்றில் சாக்கெட்டுக்குப் பின்னால் கேட்வே என்ற இடைப்பெட்டி இருக்கும், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

டீசல்பிரியன்:
ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை (கோடு) கேட்டு வாங்குங்கள். யு-வில் தொடங்கினால் தொடர்புக் கோளாறு. யு0100 என்றால் என்ஜின் மாட்யூலோடு பேச்சு அறுந்தது, யு0121 ஏபிஎஸ்ஸோடு. பழைய இசியு வாங்கி மாட்டும் யோசனையும் வேண்டாம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்காது, திரும்ப புரோகிராம் செய்ய வேண்டிவரும்.

வேளச்சேரிவாசி:
அண்ணா, பார்த்துவிட்டேன். முதலில் 60. டிரைவர் கால் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கி, கீழே இருந்த கனெக்டரை அசைத்ததும் 120க்குத் தாவியது. பிரித்தால் இரண்டு பின் பச்சையாகப் பூத்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினேன். நான்கு நாளாக ஒரு விளக்கும் இல்லை. யு0121தான் வந்திருந்தது.

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன்:
சந்தோஷம் சார். ஆனால் கிளீனரோடு விடாதீர்கள். அந்தப் பச்சைக் களிம்பு ஒயருக்குள்ளேயும் ஏறியிருக்கும், அந்த இரண்டு பின்னையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் (அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பாஞ்சையும் வெயிலில் காய வைக்க வேண்டும், மேலே காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். அங்கே மஞ்சள் கனெக்டர் இருந்தால் ஏர்பேக்குடையது, அதில் மீட்டர் வைக்காதீர்கள்.